அரைவட்டமும் ஒரு புள்ளியும்: மொசாட், பீதோவன் கொன்சேட்டோக்கள் பற்றிய ஒரு நோக்கு

கொன்சேட்டோ என்னும் சொல்லின் பிறப்பிலேயே ஒரு முரண்பாடு உண்டு. இலத்தீன் மொழியில் அதன் வேர்ச்சொல் போட்டியிடுதல், வாதிடுதல் என்னும் பொருளைத் தருவது. இத்தாலிய மொழியிலோ அது இணங்குதல், ஒருங்குகூடி அமைத்தல் என்னும் பொருளில் வழங்கியது. தனியொரு வாத்தியமும் வாத்தியக்குழுவும் எதிரெதிர் நிற்கும் இவ்வுருவத்தின் வரலாறு முழுவதும் இவ்விரு பொருள்களுக்கும் இடையே ஊசலாடி வந்துள்ளது எனலாம். சொனாட்டா என்னும் சொல்லில் இத்தகைய சிக்கல் எதுவும் இல்லை. பாடப்படுவது கன்ராட்டா, வாத்தியத்தில் ஒலிக்கப்படுவது சொனாட்டா. அவ்வளவே.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்கூற்றில் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே இலக்கணத்திற்கு உட்பட்டனவாய் அமைந்தன. விரைவான முதற் பகுதி, விளம்ப காலத்திலமைந்த இடைப்பகுதி, மீண்டும் விரைவான இறுதிப்பகுதி என்பதே பொதுவான ஒழுங்கு. ஆயின் கொன்சேட்டோவில் ஓர் இடம் உண்டு. சொனாட்டாவில் அதற்கு நேரான இடம் பொதுவாக இல்லை. முதற் பகுதி முடிவை அண்மிக்கும்போது வாத்தியக்குழு முழுவதும் நிறைவுறாத ஓர் ஒத்திசைவில் வந்து நின்றுவிடும். ஏட்டில் அவ்விடத்தில் ஓர் அரைவட்டமும் அதனுள் ஒரு புள்ளியும் மட்டுமே காணப்படும். அக்குறியின் பொருள், இனிப் பேசவேண்டியவன் தனிவாத்தியக் கலைஞன் என்பதே. அவன் தன் கற்பனைக்கேற்ப வாசித்து, நீண்டதொரு சுர நடுக்கத்தில் முடிக்கும்வரை ஏனையோர் வில்லைத் தாழ்த்திக் காத்திருப்பர். இதுவே காடென்சா எனப்படுவது. மனோதர்மம் என்ற சொல்லை இதற்கு ஆளுவது பொருத்தமே. எனினும் இராக இலக்கணத்திற்குள் இயங்கும் நம் மனோதர்மமும் இதுவும் ஒன்றெனக் கொள்ளலாகாது. இங்கு எழுதப்பட்டதொரு கட்டுமானத்தின் நடுவே திறந்து விடப்பட்ட ஒரு வாயில்தான் உண்டு.

இவ்வாயில் மொசாட்டின் காலத்தில் அகலத் திறந்திருந்தது. பீதோவனின் ஐந்தாவது பியானோ கொன்சேட்டோவில் அடைக்கப்பட்டது. இடைப்பட்டது கால் நூற்றாண்டு. இதனை வளர்ச்சி என்று கூறுவது இசை வரலாற்றாசிரியரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கு. எழுதியவனின் சிந்தனை முழுமையுற்றது, வாசிப்பவனின் வீண் ஆரவாரம் ஒழிந்தது என்பது அவர்தம் முடிபு. அம்முடிபு மீளாய்வுக்குரியது.

மொசாட்டின் முதற் கொன்சேட்டோக்கள் எனப்படுபவை உண்மையில் அவருடையன அல்ல என்பதிலிருந்து தொடங்குதல் தகும். பியானோ கொன்சேட்டோக்கள் 27 என்று வழக்கிலுள்ள கணக்கில் முதல் நான்கும் 1767ஆம் ஆண்டில், பதினொரு வயதுச் சிறுவனாக இருந்தபோது, பிறர் எழுதிய சொனாட்டாக்களின் பகுதிகளை எடுத்து, வாத்தியக்குழுவுக்கும் இடம்வைத்து மாற்றியமைக்கப்பட்டவை. ராவுபாக், ஷோபேர்ட், எக்கார்ட் முதலியோரின் ஆக்கங்கள் அவ்வாறு பயன்பட்டன. பின்னர் லண்டனில் வாழ்ந்த யொஹான் கிறிஸ்டியன் பாக்கின் மூன்று சொனாட்டாக்களும் இவ்வாறே கொன்சேட்டோக்களாயின. தனியொருவன் அறையில் வாசிப்பதற்கான ஓர் உருவத்தை எடுத்து, அதனைச் சபைக்குரியதாக்கப் பழகிய பயிற்சி இது. இரு உருவங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அவர் கைப்பழக்கமாகவே கற்றுக்கொண்டார்.

1781ஆம் ஆண்டில் சல்ஸ்பேர்க் பேராயரின் சேவகத்தை உதறிவிட்டு வியன்னாவிற் குடியேறிய மொசாட்டுக்கு மாதச் சம்பளம் இல்லை. மாணவர்க்குக் கற்பித்தல், அச்சுக்கு எழுதுதல், சந்தாதாரரைச் சேர்த்துக் கச்சேரி நடத்துதல் என்பனவே பிழைப்புக்கான வழிகள். 1784ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தாம் நடத்திய கச்சேரிகளுக்குச் சந்தா செலுத்திய 174 பேரின் பெயர்ப்பட்டியலை அவர் தந்தைக்குப் பெருமிதத்துடன் அனுப்பினார். அவ்வாண்டில் மட்டும் ஆறு பியானோ கொன்சேட்டோக்கள் எழுதப்பட்டன. 1785இல் மூன்று, 1786இல் மூன்று. அதன்பின் மரணம் வரை இரண்டே இரண்டு. சந்தாதாரர் கூட்டம் இருந்தவரை கொன்சேட்டோ இருந்தது. கூட்டம் குறைந்ததும் அதுவும் குறைந்தது. ஒரு கலையுருவத்துக்கும் அதன் நுகர்வோருக்கும் உள்ள உறவு இவ்வளவு வெளிப்படையாகத் தெரியும் சந்தர்ப்பங்கள் மிகச் சில.

இக்கொன்சேட்டோக்கள் யாருக்காக எழுதப்பட்டன என்பதும் ஐயத்துக்கிடமற்றது. 1782ஆம் ஆண்டு டிசெம்பரில் தந்தைக்கு எழுதிய கடிதத்தில், அப்போது எழுதிவந்த மூன்று கொன்சேட்டோக்களும் மிகக் கடினத்துக்கும் மிக எளிமைக்கும் நடுவில் அமைந்தவை என்றும், இரசிகரில் அறிந்தோர்க்குத் தனியே மகிழத்தக்க இடங்கள் அவற்றில் உள்ளன என்றும், அறியாதோரும் காரணம் புரியாமலே திருப்தியடைவர் என்றும் மொசாட் விளக்குகிறார். வணிக உத்தியை இவ்வளவு வெளிப்படையாகப் பேசும் கலைஞனைக் கண்டு கூசும் விமர்சகர் உளர். கூசவேண்டியதில்லை. இருவகைப்பட்ட செவிகளுக்கும் ஒரே வேளையில் எழுதுவதென்பது எளிதான செயலன்று.

இனி, எழுதப்படாத பகுதிகளை நோக்கலாம். 1785ஆம் ஆண்டு பெப்ருவரி 11ஆம் நாள் வியன்னாவின் மேல்குரூபே மண்டபத்தில் டி மைனர் கொன்சேட்டோ, கேஷெல் பட்டியலில் 466ஆம் இலக்கத்துக்குரியது, முதன்முறையாக வாசிக்கப்பட்டது. அதற்கு முதல் நாளே அது எழுதி முடிக்கப்பட்டிருந்தது. அன்று வியன்னா வந்திறங்கிய தந்தை லியோபோல்ட், தாம் வந்தபோது படியெடுப்பவர் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார் என்றும், அதனை மேற்பார்வை செய்ய வேண்டியிருந்தமையால் இறுதிப்பகுதியை ஒருதடவை வாசித்துப் பார்க்கவும் மகனுக்கு நேரம் இருக்கவில்லை என்றும் மகளுக்கு எழுதினார். இதன் முதற் பகுதியில் வாத்தியக்குழு நிற்கும் அவ்விடத்தில் மொசாட் அன்று மாலை என்ன வாசித்தார் என்பது எவருக்கும் தெரியாது. அவருடைய காடென்சா எதுவும் இக்கொன்சேட்டோவுக்கு எஞ்சவில்லை. இன்று பெரும்பாலும் அங்கு ஒலிப்பது பின்னாளிற் பீதோவன் எழுதி வைத்தது. மொசாட்டின் மிக இருண்ட கொன்சேட்டோவின் உச்சக்கட்டத்தில் வேறொருவரின் குரல் ஒலிக்கிறது; கேட்போரிற் பலர் அதனை அறியார்.

வேறு கொன்சேட்டோக்களுக்கு மொசாட்டின் காடென்சாக்கள் எஞ்சியுள்ளன. அவை எஞ்சிய காரணமே கவனத்துக்குரியது. தமக்காக அவர் அவற்றை எழுதிவைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. பெரும்பாலும் தமக்கைக்காகவும் மாணவருக்காகவும் எழுதப்பட்டவையே அவை எனக் கருதப்படுகிறது. 1784ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நிகழ்ந்த ஒரு சிறு கடிதப் போக்குவரத்து இதனைத் தெளிவுறுத்தும். டி மேஜர் கொன்சேட்டோவின் விளம்பப் பகுதியில் ஓரிடம் வெறுமையாக இருப்பதாகத் தமக்கை நானேர்ல் சுட்டிக்காட்டியிருந்தார். அது உண்மையே, அங்கு ஏதோ குறைகிறது, அதனை விரைவில் நிரப்பிக் காடென்சாக்களோடு சேர்த்து அனுப்புவேன் என்று தம்பி மறுமொழி எழுதினார். தாம் வாசிக்கும்போது அவ்விடம் வெறுமையாக இருந்திராது. விரல் அதனை அவ்வப்போது நிரப்பியிருக்கும். ஏடு வேறொருவர் கைக்குப் போகும்போதே வெற்றிடம் குறைபாடாகிறது.

இங்கேதான் சொனாட்டாவின் இடம் துலங்குகிறது. மொசாட்டின் பியானோ சொனாட்டாக்களிற் பல கற்பிப்பதற்கும் அச்சிடுவதற்கும் எழுதப்பட்டவை. 1784ஆம் ஆண்டு ஒக்ரோபரில் முடிக்கப்பட்ட சி மைனர் சொனாட்டா அவருடைய மாணவி தெரேசா வொன் ட்ராட்னருக்கு அர்ப்பணிக்கப்பட்டது. மறுஆண்டில் ஆர்த்தாரியா நிறுவனம் அதனை ஒரு பன்டாசியாவுடன் சேர்த்து வெளியிட்டது. இதன் மூலக் கைப்பிரதி நெடுங்காலம் காணாமற் போயிருந்து 1990ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிற் கண்டெடுக்கப்பட்டது. விளம்பப் பகுதியின் தலைப்பல்லவி மீண்டும் வரும்போது அதனை எவ்வெவ்வாறு அலங்கரிக்கலாம் என்பதை மொசாட் சுரம் சுரமாக எழுதிவைத்திருப்பது அப்பிரதியிலிருந்து தெளிவாயிற்று. கொன்சேட்டோவில் எழுதாமல் விட்டதைச் சொனாட்டாவில் எழுதினார். ஒன்று தமது கைக்கு, மற்றது பிறர் கைக்கு.

இதன் மறுதலையான சான்று 1788ஆம் ஆண்டின் டி மேஜர் கொன்சேட்டோ, கேஷெல் 537. 'முடிசூட்டு விழா' என்ற பெயரால் அறியப்படும் இப்படைப்பின் கைப்பிரதியில் பியானோவின் இடதுகைக்குரிய வரி நெடுந்தூரத்துக்கு வெறுமையாகவே உள்ளது. இடைப்பகுதி முழுவதிலும் இடதுகைக்கு ஒரு சுரமும் எழுதப்படவில்லை. மொசாட் மறைந்து மூன்று ஆண்டுகளின் பின் யொஹான் ஆந்த்ரே இதனை அச்சிட்டபோது வெறுமையான வரிகள் நிரப்பப்பட்டிருந்தன. நிரப்பியவர் பதிப்பாளரே எனக் கருதப்படுகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கச்சேரி மேடைகளில் ஒலித்துவருவது பெரும்பாலும் அவ்விடதுகையே. இப்படைப்பைச் சற்றுத் தட்டையானது என மதிப்பிட்ட விமர்சகர் பலர். அவர்கள் மதிப்பிட்டது யாரை என்று கேட்பதில் நியாயம் உண்டு.

ஏ மேஜர் கொன்சேட்டோவின் (கேஷெல் 488) இடைப்பகுதி இன்னும் நுண்ணியதொரு வினாவை எழுப்புவது. எஃப் ஷார்ப் மைனரில் மொசாட் முழுமையாக எழுதிய ஒரே பகுதி இது. இதன் முடிவருகே வாத்தியக்குழுவின் தந்திகள் விரலால் மெல்லச் சுண்டப்பட, பியானோ ஒரு தாழ்ந்த சுரத்திலிருந்து மிக உயர்ந்த சுரத்துக்கும் மீண்டும் தாழ்வுக்கும் தாவுகிறது. இடையில் ஒன்றுமில்லை. இத்தாவல்கள் இவ்வாறே வெறுமையாக ஒலிக்க வேண்டியனவா, அன்றி வாசிப்பவன் இடைவெளியை நிரப்ப வேண்டும் என்பதற்கான அடையாளங்கள் மட்டுமா என்பது தீராத விவாதம். மொசாட்டின் மாணவி ஒருவருடையது எனக் கருதப்படும், அலங்காரங்கள் செறிந்த ஒரு பிரதி இவ்விடைப்பகுதிக்கு உண்டு. அது நிரப்பவேண்டும் என்பாருக்குச் சான்று. மறுபுறம், வெறுமையாக வாசிக்கப்படும்போது அவ்விடத்திற் பிறக்கும் தனிமையுணர்வை ஒருமுறை கேட்டவர் அதனை எளிதில் விட்டுக்கொடுக்கமாட்டார். எழுதப்படாமையே இங்கு பொருளாகிவிட்டது. அப்பொருள் மொசாட் கருதியதா, காலம் தந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. இதே கொன்சேட்டோவின் முதற் பகுதிக்கு மட்டும் அவர் காடென்சாவை வழமைக்கு மாறாக மூல ஏட்டிலேயே எழுதிவைத்துள்ளார் என்பதையும் இங்கு குறிப்பிடவேண்டும். ஒரே படைப்பில் ஒரு வாயில் அடைபட்டும் இன்னொன்று திறந்தும் கிடக்கிறது.

பீதோவன் 1792ஆம் ஆண்டு நவம்பரில் வியன்னா வந்தபோது நகரம் அவரை முதலில் அறிந்தது எழுத்தாளராக அன்று. பியானோவின் முன் அமர்ந்து கணத்திற் கற்பனை செய்பவராகவே. அவருடைய மாணவர் பேர்டினாண்ட் ரீஸ் தரும் ஒரு செய்தி இவ்விடத்திற் பயன்படும். பியானோவும் நான்கு காற்று வாத்தியங்களும் சேர்ந்த ஐவரிசையின் (ஓபஸ் 16) இறுதிப்பகுதியில் இசை நிற்கும் ஓர் இடத்தில், பீதோவன் எழுதியதை விட்டுத் தம்போக்கிற் கற்பனையை விரித்து வாசிக்கத் தொடங்கினாராம். கேட்போர் மகிழ்ந்தனர். உடன் வாசித்தோரோ, இப்போது முடியும் இப்போது முடியும் என்று வாத்தியத்தை வாய்க்கு உயர்த்துவதும் இறக்குவதுமாக இருந்தனர். ஓபோ வாசித்த ராம் என்னும் புகழ்பெற்ற கலைஞர் சினங்கொண்டார்.

இதே ஐவரிசையை 1816ஆம் ஆண்டில் மற்றொரு மாணவரான கார்ல் செர்னி சபையில் வாசித்தார். இளமைத் துடிப்பில் ஆங்காங்கே சில அலங்காரங்களைச் சேர்த்தார். சில இடங்களை மேலும் கடினமாக்கினார். பீதோவன் எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கடிந்துகொண்டார். மறுநாள் மன்னிப்புக் கோரி எழுதிய கடிதத்திலும், தன் படைப்பை எழுதியவாறே கேட்க விரும்பும் ஒருவனைப் பொறுத்தருள வேண்டும் என்ற கருத்தையே கூறினார். படைப்பு ஒன்றே, இடமும் ஒன்றே. ஆசிரியர் செய்தபோது விருந்து. மாணவர் செய்தபோது குற்றம். இதனை வெறும் முன்கோபம் என்று ஒதுக்குவது எளிது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஏட்டுக்கும் கைக்கும் இருந்த உறவு மாறிவிட்டது என்பதே சரியான விளக்கமாகும்.

அம்மாற்றத்தின் படிகளை அவருடைய கொன்சேட்டோக்களிற் காணலாம். 1803ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆம் நாள் மூன்றாவது கொன்சேட்டோ முதன்முறை அரங்கேறியபோது பக்கம் புரட்டுவதற்காக அமர்ந்திருந்த இக்னாஸ் வொன் ஸைபிரீட் தம் அனுபவத்தை எழுதியுள்ளார். பியானோவுக்குரிய ஏடுகள் ஏறக்குறைய வெறுமையாக இருந்தன. ஆங்காங்கே எகிப்தியச் சித்திர எழுத்துப்போலச் சில கிறுக்கல்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு பகுதி முடிந்ததும் பீதோவன் ஒரு பார்வை பார்ப்பார். உடனே பக்கத்தைப் புரட்டவேண்டும். ஸைபிரீட்டின் பதைப்பைக் கண்டு அவர் பின்னர் விருந்தில் விழுந்து விழுந்து சிரித்தாராம். மொசாட்டின் வெற்றேட்டுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. மறுஆண்டு யூலையில் இதே கொன்சேட்டோவை வாசிக்க ரீஸ் முன்வந்து, காடென்சா எழுதித் தருமாறு கேட்டபோது, நீயே எழுதிக்கொள் என்றார் பீதோவன். ரீஸ் எழுதியதில் ஓரிடம் மிகக் கடினமாக இருந்தது. அதனை மாற்றிவிடு என்று ஆசிரியர் சொல்லியும், கச்சேரியன்று மாணவர் துணிந்து கடினமானதையே தொடங்கினார். வாத்தியக்குழுவை நடத்திக்கொண்டிருந்த பீதோவன் நாற்காலியில் துள்ளினார். ஆயினும் அது பிழையின்றி நிறைவேறியதும் உரக்கப் பாராட்டினார். 1804ஆம் ஆண்டின் பீதோவனுக்கு 1816ஆம் ஆண்டின் பீதோவனைத் தெரியாது.

நான்காவது கொன்சேட்டோவில் வாத்தியக்குழு தொடங்கவேண்டிய இடத்தில் பியானோ தனித்து, மிக மென்மையாக, ஐந்தே அளவைகள் பேசி ஓய்கிறது. அதன் இடைப்பகுதியோ இரு தரப்பினரின் உரையாடல். தந்திவாத்தியங்கள் ஒரே குரலில் கடுமையாகக் கூற, பியானோ தணிந்த குரலில் மறுமொழி தருகிறது. சிறிது சிறிதாகக் கடுமை தேய்கிறது. கொன்சேட்டோ என்னும் சொல்லின் இரு பொருள்களும், போட்டியும் இணக்கமும், இவ்வளவு குறுகிய இடத்தில் ஒருசேர நின்றதாக வேறோர் உதாரணம் காட்டுவது அரிது. ஐந்து கொன்சேட்டோக்களில் இதுவே தலைசிறந்தது எனத் துணிந்து கூறலாம். 1808ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் நாள் குளிர் மிகுந்த அரங்கில், ஏறத்தாழ நான்கு மணிநேரம் நீண்ட நிகழ்ச்சியில், ஐந்தாம் ஆறாம் சிம்பொனிகளுடன் இதுவும் ஒலித்தது. கேட்புத் திறன் குன்றிவந்த பீதோவன் அதன்பின் மேடையிற் கொன்சேட்டோ வாசிக்கவில்லை. அன்றைய நிகழ்ச்சியின் இறுதியில் வந்த குழுப்பாடற் பன்டாசியாவின் (ஓபஸ் 80) பியானோ முன்னுரையை அவர் எழுதாமலே, அக்கணத்திற் கற்பனை செய்து வாசித்தார்.

அடுத்த ஆண்டான 1809 இவ்வரலாற்றின் திருப்புமுனை. அவ்வாண்டில் அவர் செய்தவற்றை ஒன்றுகூட்டி நோக்குதல் வேண்டும். முதல்நாள் மேடையில் வாய்த்த அம்முன்னுரை அச்சுக்காக எழுதப்பட்டது. தம் முந்திய கொன்சேட்டோக்களுக்கான காடென்சாக்களை அவர் எழுதிவைத்ததும் ஏறத்தாழ அக்காலத்திலேயே. மாணவரும் புரவலருமான இளவரசர் ருடோல்ப்பின் பயன்பாட்டுக்காக அவை எழுதப்பட்டன என்பது பொதுவான கருத்து. அவருடைய கணநேரக் கற்பனை எவ்வாறிருந்தது என்பதற்குச் செர்னி எடுத்துக்காட்டாகக் கூறும் பன்டாசியாவும் (ஓபஸ் 77) அவ்வாண்டினதே. ஐந்தாவது கொன்சேட்டோவும் அப்போதே உருவாயிற்று. விரல்களில் வாழ்ந்த யாவும் ஓராண்டுக்குள் தாளில் இறங்கின. மே மாதத்தில் நெப்போலியனின் படை வியன்னாவைக் கைப்பற்றியது என்பதும் அவ்வாண்டின் நிகழ்ச்சியே. ஆயின் கலைப்படைப்பின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் பீரங்கி முழக்கத்தைக் காரணமாக்குவது அவசியமன்று.

ஐந்தாவது கொன்சேட்டோவின் முதற் பகுதியில், வழக்கமான அவ்விடத்தில், வாத்தியக்குழு நிற்கத்தான் செய்கிறது. அரைவட்டமும் புள்ளியும் உள்ளன. அவற்றோடு இத்தாலிய மொழியில் ஒரு கட்டளையும் உண்டு: இங்கு காடென்சா வேண்டாம், அடுத்துள்ளதை உடனே தொடங்குக என்பது அதன் கருத்து. தொடர்ந்து வருவது ஆசிரியர் எழுதிய சுருக்கமான ஒரு பகுதி. சிறிது நேரத்தில் ஊதுகொம்புகளும் வந்து சேர்ந்துகொள்கின்றன. மறுபுறம், வழமையாக இறுதியில் வரவேண்டிய ஆரவாரம் முழுவதும் இக்கொன்சேட்டோவின் வாயிலிலேயே வைக்கப்பட்டுள்ளது. வாத்தியக்குழு மூன்று பேரொலிகளை எழுப்ப, ஒவ்வொன்றையும் தொடர்ந்து பியானோ வெள்ளம்போற் பாய்கிறது. அக்கணத்திற் பிறந்ததுபோல் ஒலிக்கும் அப்பாய்ச்சலில் ஒவ்வொரு சுரமும் எழுதப்பட்டது. சுதந்திரத்தின் தோற்றம் உண்டு, சுதந்திரம் இல்லை. 1811ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் லைப்சிக் நகரில் இதனை மக்கள் முன்னிலையில் முதன்முதல் வாசித்தவர் பிரீட்றிக் ஷ்னைடர். மறுஆண்டு வியன்னாவில் வாசித்தவர் செர்னி. தாம் மேடையேறாத ஒரு பியானோ கொன்சேட்டோவைப் பீதோவன் எழுதியது இதுவே முதன்முறை. இதற்குப் பின் ஒன்றைத் தொடங்கினார், 1815ஆம் ஆண்டளவில், அதனை முடிக்கவில்லை.

இம்மாற்றத்துக்குச் சமூகவியல் அடிப்படையிலான விளக்கம் ஒன்று பரவலாகக் கூறப்படுவதுண்டு. பிரபுக்களின் மாளிகையிலிருந்து இசை சந்தைக்கு வந்தது; சந்தை அச்சிட்ட பண்டத்தை வேண்டியது; பண்டம் முழுமையானதாக இருத்தல் வேண்டும்; ஆகவே வெற்றிடங்கள் நிரம்பின என்பது அவ்விளக்கம். இதில் உண்மை இல்லாமலில்லை. சொனாட்டா முழுமையாக எழுதப்பட்டதற்கு அச்சும் ஒரு காரணம் என்பது மேலே கண்டது. எனினும் கொன்சேட்டோவைப் பொறுத்தவரை இவ்விளக்கம் தலைகீழாக நிற்கிறது. சம்பளமின்றிச் சந்தாதாரரையே நம்பிச் சந்தையின் நடுவில் நின்றவர் மொசாட். வெற்றிடங்களை விட்டவர் அவரே. பீதோவனோ 1809ஆம் ஆண்டில் இளவரசர் ருடோல்ப், லொப்கொவிட்ஸ், கின்ஸ்கி ஆகிய மூன்று பிரபுக்களிடமிருந்து ஆண்டுக்கு 4,000 புளோரின் மானியம் பெற உடன்பட்டவர். வெற்றிடத்தை அடைத்தவர் அவரே, அதுவும் அதே ஆண்டில். சந்தையில் நின்றவனுக்கு வெற்றிடம் பாதுகாப்பாகவும் இருந்தது. தம் கொன்சேட்டோக்களை வீட்டுக்குள் வைத்தே படியெடுப்பிக்குமாறும் படியெடுப்போரை நம்பலாகாது என்றும் 1784ஆம் ஆண்டு மே மாதத்தில் மொசாட் தந்தையை எச்சரித்தார். களவாடப்பட்ட ஏட்டில் எழுதாத பகுதி இராது. தன் கையே தன் முதல் என்று வாழ்ந்தவனின் உத்தி அது. பீதோவனின் கை மேடையை விட்டு விலகிற்று. விலகியபின் அவருக்கு எஞ்சியது எழுத்து மட்டுமே. பொருளாதாரக் காரணத்துக்கு முன்பாக, செவியின் கதவு அடைபட்ட ஒரு மனிதனின் நிலைமை இங்கு எண்ணிப் பார்க்கவேண்டியது.

அவ்வாறாயின் அந்தக் கற்பனை வேகம் எங்கே சென்றது? சொனாட்டாவுக்குள் சென்றது என்பதே விடை. 1801ஆம் ஆண்டிலேயே இரு சொனாட்டாக்களுக்கு, பன்டாசியா போன்றவை என்று அவர் பெயர் சூட்டியிருந்தார். அவற்றுளொன்று நிலவொளி என்னும் பிற்காலப் பெயரால் உலகறிந்தது. 1818ஆம் ஆண்டில் முடிந்த ஹம்மர்கிளாவியர் சொனாட்டாவின் (ஓபஸ் 106) இறுதிப்பகுதிக்கு முன்னால் வரும் தயங்கிய தேடலைக் கேட்பவர், ஒருவர் பியானோவின் முன்னமர்ந்து விரல்போன போக்கில் வழிதேடுவதாகவே உணர்வர். தேடல் முழுவதும் எழுதப்பட்டுள்ளது. மொசாட்டின் கையில் வெறும் பயிற்சிக்கும் அச்சுக்கும் உரியதாயிருந்த உருவம், மேடையை இழந்த ஒருவரின் மேடையாக மாறியது. மேடையிற் கொன்சேட்டோ வாசிக்காத ஆண்டுகளிலேயே அவருடைய பிற்காலச் சொனாட்டாக்கள் எழுந்தன என்பது தற்செயலன்று.

பீதோவனை எழுத்தின் கொடுங்கோலராகக் காட்டுவதும் தவறாகும். அதே ஹம்மர்கிளாவியர் சொனாட்டாவை லண்டனில் வெளியிடுவது பற்றி 1819ஆம் ஆண்டில் ரீஸுக்கு எழுதியபோது, அங்குள்ளோர்க்குப் பொருந்தாதாயின் சில பகுதிகளை விட்டுவிடலாம், வரிசையை மாற்றலாம், வேண்டுமானால் முதலிரு பகுதிகளே போதும் என்று அவர் அனுமதி வழங்கினார். ஒரு சுரத்தை மாற்றிய செர்னியைக் கடிந்தவர் ஒரு பகுதியையே நீக்க உடன்பட்டார். இம்முரண்பாட்டைத் தீர்த்துவைக்க முனைவது வீண். பணமும் தேவைப்பட்டது என்று மட்டும் கூறி அமையலாம்.

பின்வந்தோர் அடைத்த வாயிலையே மரபாகக் கொண்டனர். 1845ஆம் ஆண்டில் அரங்கேறிய மெண்டல்சனின் வயலின் கொன்சேட்டோவில் காடென்சா முழுமையாக எழுதப்பட்டு, முடிவிலிருந்து பெயர்க்கப்பட்டு, முதற் பகுதியின் நடுவில் வைக்கப்பட்டுள்ளது. கிளாரா ஷூமன், பிராம்ஸ் போன்றோர் மொசாட்டின் டி மைனர் கொன்சேட்டோவுக்குத் தாமே காடென்சா எழுதினர். அவையும் அச்சேறிப் பாடமாயின. பிராம்ஸ் தம் வயலின் கொன்சேட்டோவில் அவ்விடத்தை யோசெப் யோவாக்கிமுக்கென விட்டார்; யோவாக்கிம் நிரப்பியது அச்சாகி, அவருக்குப் பின் வந்த எண்ணற்றோர் அதனையே வாசித்துவருகின்றனர். இருபதாம் நூற்றாண்டின் இசைக் கல்லூரிகளில் ஏட்டுக்கு அடங்கிய வாசிப்பே நேர்மையான வாசிப்பு எனப் போதிக்கப்பட்டது. மொசாட்டுக்கு நேர்மையாயிருப்பதெனில் அவர் எழுதாததை வாசிக்கவேண்டும் என்ற எளிய உண்மை நெடுநாள் மறக்கப்பட்டிருந்தது. 1990களில் ரொபர்ட் லெவின், கிறிஸ்டோபர் ஹொக்வூட்டின் குழுவினருடன் இக்கொன்சேட்டோக்களைப் பதிவு செய்யத் தொடங்கியபோது காடென்சாக்களை அவ்வப்போதே கற்பனை செய்து வாசித்தார். அவற்றில் எல்லா இடங்களும் சிறந்தவை அல்ல. சில இடங்கள் நீள்கின்றன. ஆயினும் வாத்தியக்குழு வந்து நிற்கும் அக்கணத்தில், இனி என்ன வரும் என்று அறியாத பதற்றம் அங்கே உண்டு. பீதோவனின் காடென்சாவை மனப்பாடமாக வாசிக்கும் மிகச் சிறந்த கலைஞரிடமும் அது இல்லை. அப்பதற்றத்துக்காகவே 174 பேர் சந்தா செலுத்தினர்.

பீதோவன் ஒரு வாயிலை மட்டும் அடைக்காமல் விட்டார். 1806ஆம் ஆண்டு டிசெம்பரில் பிரான்ஸ் கிளெமெண்ட் அரங்கேற்றிய வயலின் கொன்சேட்டோவுக்கு அவர் காடென்சா எழுதவில்லை. அதனைப் பியானோவுக்கு மாற்றியபோது எழுதினார். அதில் முரசும் சேர்ந்தொலிக்கிறது. வயலினுக்குரிய ஏட்டில் அந்த அரைவட்டமும் புள்ளியும் அவ்வாறே உள்ளன. யோவாக்கிம், கிறைஸ்லர் ஆகியோரின் காடென்சாக்களே அங்கு மிகுதியும் ஒலிப்பவை. சோவியத் இசைஞர் அல்பிரெட் ஷ்னிட்கே 1970களில் இதற்கெனப் புதியதொன்றை எழுதினார். பீதோவனுக்குப் பின்வந்த பிராம்ஸ், பேர்க், ஷொஸ்டகோவிச் முதலியோரின் வயலின் கொன்சேட்டோக்களின் சாயல்கள் அதனுள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகின்றன. கிடோன் கிரெமர் அதனை வாசித்தபோது இது பீதோவனுக்குச் செய்யும் அவமதிப்பு என்று கண்டித்தோர் உளர். ராம் என்னும் ஓபோ கலைஞரும் ஒருகாலத்தில் அவ்வாறே சினந்தார்; அன்று அவர் சினந்தது பீதோவனைப் பார்த்து.